ஒரு கத்தி மோவரும் மூன்று பழைய டிராக்டர்களும்

பழைய இரும்புக் கடையிலோ ஏலக் களத்திலோ புல் அறுக்கும் கத்தி மோவர் ஒன்று கிடப்பதைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இது எந்தக் கம்பெனி?" என்பதுதான். மாஸி என்றால் மாஸி வைத்திருப்பவர் விலை பேசுவார். ஃபோர்டு வைத்திருப்பவர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். இப்படியே நல்ல நல்ல மோவர்கள் எடைக்குப் போய்விட்டன. ஒரே மோவரை மாஸி ஃபெர்குசன் 1035, இன்டர்நேஷனல் பி-275, ஃபோர்டு 3600 ஆகிய மூன்றிலும் மாற்றி மாற்றி மாட்டி ஓட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கம்பெனிப் பெயரால் வரும் தொல்லை டிராக்டரோடு இணைகிற பக்கத்தில் கொஞ்சம் உண்டு, நடுப்பகுதியில் அதைவிடக் குறைவு, வெட்டும் பக்கத்தில் அநேகமாக இல்லை. ஓர் அளவுநாடாவும், விட்டத்தை நுணுக்கமாக அளக்கும் ஒரு வெர்னியரும் எடுத்துப் போனால் ஏலக் களத்திலேயே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

கத்தி மோவரைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. டிராக்டரின் வலப்பக்கம் நீட்டிக்கொண்டு தரையோடு தரையாக ஓடும் கட்டர் பார் என்ற ஓர் இரும்புச் சட்டம். அதிலிருந்து வரிசையாக விரல்கள் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். அந்த விரல்களின் பிளவுக்குள் முக்கோண பிளேடுகள் அறைந்த ஒரு பட்டை இடமும் வலமும் ஓடும். கத்தரிக்கோலில் ஒரு அலகு அசையாமல் நிற்க, மறு அலகு மட்டும் வந்து வெட்டுவது போன்ற வேலை. நெல் அறுவடை இயந்திரத்தின் முன்வாயைக் குனிந்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கேயும் இதே அமைப்புதான். அந்த ஒற்றுமையால்தான் என் மோவர் இன்றைக்கும் ஓடுகிறது.

டெல்டாவில் இது எதற்கு என்று கேட்கலாம். எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிறது. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குக் கீழே, படுகையிலும் வாய்க்கால் கரையிலும் புல்லுக்குக் குறைவில்லை. அதை அறுக்க ஆள்தான் இல்லை. ரோட்டவேட்டரோ சுழல்வெட்டியோ விட்டால் புல் நாராகக் கிழிந்து மண்ணோடு கலந்துவிடுகிறது. மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். கத்தி மோவர் அறுத்த புல் அடி ஒட்டி வெட்டுப்பட்டு, தண்டு முழுசாக, ஒரே திசையில் படுக்கிறது. உம்பளாச்சேரி மாடு வைத்திருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பா அறுவடைக்குப் பிறகு இயந்திரம் விட்டுவிட்டுப் போகும் உயரமான தாளையும் இதே மோவர் அறுத்துப் போடும். பின்னால் வரும் வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்குக் கூடுதலாகச் சரக்குக் கிடைக்கும்.

எங்களுக்கு மோவர் கிடைத்தது ஒரு பழைய பால் பண்ணையின் ஏலத்தில். பெயர்த் தகடு இல்லை. 5 அடி கட்டர் பார், சுழற்சியைக் கத்தியின் இடவல ஓட்டமாக மாற்றும் மரத்தாலான பிட்மன் தண்டு, டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு, மேலே ஒன்று என்று மாட்டும் மூன்று முனை இணைப்பு. பூச்சு உரிந்த இடத்தில் சாம்பல் நிறம் தெரிந்ததால் ஏதோ ஒரு ஃபெர்குசனுக்குப் பின்னால் ஓடியிருக்கும் என்று நாங்களாக எண்ணிக்கொண்டோம். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரான டி.இ.20 என்ற சாம்பல் நிற ஃபெர்குசன்தான் இன்றைய மூன்று முனை இணைப்பை உலகத்துக்குப் பழக்கியது. அதன் வாரிசான 35-ன் வழியில் வந்ததுதான் சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே தயாரித்த 1035. ஆகவே உறவுமுறை சரியாகத்தான் இருந்தது. ஆனால் உறவுமுறையை மட்டும் நம்பி மாட்டிவிட முடியாது என்பது கருவியைத் தூக்கும் கீழ்க் கைகளான லோயர் லிங்க்கிலேயே தெரிந்துவிட்டது.

இணைப்புப் பின்களில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கின்றன. முதல் வகையில் லோயர் லிங்க் பின் 22 மி.மீ., மேல் கையான டாப் லிங்க்கின் பின் 19 மி.மீ. இரண்டாம் வகையில் முறையே 28, 25. இடைவெளியும் மாறும்: கருவியின் இரு பின்களுக்கு நடுவே முதல் வகையில் சுமார் 68 செ.மீ., இரண்டாம் வகையில் சுமார் 82 செ.மீ. மோவர் முதல் வகை. எங்கள் 1035-ல் கலப்பைக்காகப் பல வருடங்களுக்கு முன்பே லிங்க் முனைகளை மாற்றியிருந்தார்கள். துளை 28 மி.மீ. பழைய டிராக்டரில் இது சகஜம். பழைய கையேட்டில் என்ன அளவு இருந்தாலும், வண்டியில் இப்போது இருக்கும் துளையை வெர்னியர் வைத்துப் பார்ப்பதே சரி. 28-க்குள் 22 பின்னை அப்படியே விட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கலப்பைக்கு அது பரவாயில்லை, மண் பிடித்து நிறுத்திக்கொள்ளும். மோவருக்குக் கூடாது. ஓரமாக நீண்டு அதிர்கிற கருவி அந்த 6 மி.மீ. ஆட்டத்தைச் சில நாளில் ஓர் அங்குலமாக்கிவிடும். லேத் பட்டறையில் வெளிவிட்டம் 28, உள்விட்டம் 22-க்கு புஷ் என்ற வளையம் கடைந்து போட்டுக்கொண்டோம். செலவு சொற்பம்.

அதைவிட முக்கியமானது பக்கவாட்டு ஆட்டம். லோயர் லிங்க்குகள் இயல்பாகவே இடம் வலம் அசையும். மோவரின் எடையும் இழுப்பும் முழுக்க வலப்பக்கத்தில் இருப்பதால், லிங்க்குகளை அசையாமல் பிடிக்கும் செக் செயின் தொய்ந்திருந்தால் கட்டர் பார் பின்னுக்குச் சாய்ந்துவிடும். அந்த மூன்று டிராக்டர்களில் செயினை இறுக்கி வேலை முடிந்தது ஃபோர்டில் மட்டும்தான். மற்ற இரண்டிலும் செயினுக்குப் பதிலாக இரும்புத் தண்டு போட்டு லிங்க்கை அசையவிடாமல் நிறுத்த வேண்டியிருந்தது.

வெளிநாட்டு மோவரை ஆசைப்பட்டு வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் அமெரிக்காவில் 1950-களில் 'ஃபாஸ்ட் ஹிட்ச்' என்று இரு முனை இணைப்பு ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்தது. அதற்கென்று செய்த மோவர், பெயர் ஒன்றாக இருந்தாலும், நம் ஊர் பி-275-ல் ஏறாது. நம்மிடம் இருப்பது பிரிட்டனில் வடிவமைத்து, 1963-ல் மஹிந்திரா கூட்டு சேர்ந்த பிறகு இங்கே தயாரான மூன்று முனை இணைப்பு வண்டி. டிராக்டரின் வயிற்றுப் பகுதியில் மாட்டும் மோவர்களும் அங்கே நிறைய உண்டு. அவற்றின் தாங்கிகள் ஒரே மாடலுக்கென்று துளையிட்டவை. மற்றொன்றுக்கு மாற்ற நினைப்பது வீண் வேலை. பின்னால் மூன்று முனையில் மாட்டுவதா, அது பிட்மன் தண்டு உள்ளதா என்று மட்டும் பாருங்கள். பிட்மன் இல்லாமல் ஓடும் மோவர்களும் உண்டு, மாஸி ஃபெர்குசனே செய்தது. நடுக்கம் குறைவு என்று அவற்றைப் புகழ்வார்கள். ஆனால் அதன் உள்ளுறுப்பு ஒன்று போனால் நம் ஊர்ப் பட்டறையில் செய்துகொள்வது கடினம். மரத்தண்டு மோவர் பழையதாக இருந்தாலும் நம் கைக்கு அடங்கும்.

அடுத்தது பி.டி.ஓ., அதாவது இன்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் பின்தண்டு. பழைய ஃபெர்குசனிலும் அதே காலத்து ஃபோர்டுகளிலும் பி.டி.ஓ. தண்டின் விட்டம் 1⅛ அங்குலம். பிறகு எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவு 1⅜ அங்குலம். இரண்டிலும் ஆறு பல் என்பதால் கண்ணால் பார்த்து ஏமாறலாம். எங்கள் மோவரோடு வந்த யுனிவர்சல் ஜாயிண்ட் (மடங்கியபடி சுழலும் இணைப்பு) சிறிய அளவு, மூன்று டிராக்டர்களின் தண்டும் பெரிய அளவு. இதற்கு இரண்டு வழி உண்டு: அளவு மாற்றும் கூடு ஒன்றை இடையில் மாட்டுவது, அல்லது டிராக்டர் பக்கத்து நுகத்தையே, அதாவது தண்டின் முனையில் உள்ள கவட்டையை, மாற்றுவது. கூடு மாட்டினால் தண்டு சில அங்குலம் நீளும், கணு கூடும், அதிர்வும் கூடும். நுகத்தை மாற்றியதே எனக்குப் பிடித்தது. ரோட்டவேட்டர் தண்டுக்கு விற்கும் நுகமும், நுகங்களை இணைக்கும் சிலுவை வடிவக் கிராஸும் எந்த டிராக்டர் கடையிலும் கிடைக்கும். மோவருக்கு அந்த அளவு வலிமை தேவையில்லை, ஆனால் சுலபமாகக் கிடைக்கிறதே!

நீளம் பார்க்காமல் எந்தத் தண்டையும் மாட்டக் கூடாது. மூன்று டிராக்டர்களிலும் பி.டி.ஓ. முனைக்கும் லிங்க் முனைக்கும் இடையிலான தூரம் வெவ்வேறு. மோவரைத் தூக்கியும் இறக்கியும் பார்த்து, தண்டு மிகக் குறுகும் நிலையில் உள்குழாய் போய் முட்டாமலும், மிக நீளும் நிலையில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கும்படியும் வெட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் உள்ள இரு நுகங்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். ஒரு பல் தள்ளி மாட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் உதறும். நாங்கள் குழாயில் உளியால் ஒரு கோடு வெட்டி வைத்திருக்கிறோம், யார் மாட்டினாலும் கோட்டுக்குக் கோடு சேர்த்தால் போதும்.

பி.டி.ஓ. வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. கருவி எதிர்பார்ப்பது அதைத்தான். ஆனால் இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடும்போது அந்த 540 வரும் என்பது டிராக்டருக்கு டிராக்டர் மாறும். பழைய வண்டியில் மீட்டர் வேலை செய்தால் அதிசயம். தண்டில் வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுத்துப் பாருங்கள். நொடிக்கு ஒன்பது சுற்று வந்தால் 540. அந்த இடத்தில் இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கை த்ராட்டிலில் ஒரு குறி வைத்துவிடுங்கள். வேகம் குறைந்தால் புல் அறுபடாமல் மடங்கும். கூடினால் முதலில் போவது பிட்மன் தண்டு.

அந்த நொடிக்கு ஒன்பது சுற்று என்பதை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வையுங்கள். வேட்டி நுனியோ, தோளில் கிடக்கும் துண்டோ, சேலை முந்தானையோ தண்டில் ஒருமுறை சுற்றினால் இழுத்துக்கொள்ள ஆளுக்கு அவகாசமே கிடையாது. பழைய மோவர்களில் தண்டுக்கு உறை இருக்காது, அல்லது எப்போதோ உடைந்து போயிருக்கும். உறை இல்லாமல் எங்கள் மோவர் வயலில் இறங்குவதில்லை. ரோட்டவேட்டர் தண்டின் பிளாஸ்டிக் உறையை நீளம் வெட்டி மாட்டினால் பொருந்துகிறது. ஓட்டும் தம்பி, "உறையைக் கழற்றினால் கிரீஸ் அடிக்கச் சுலபம், ஐயா" என்று சொல்லிப் பார்த்தான். கிரீஸ் அடிக்கும் இடத்துக்கு நேராக உறையில் ஒரு துளை போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கிளட்ச் விஷயத்தில் மூன்று டிராக்டர்களும் ஒன்றல்ல. எங்கள் 1035-ல் ஒற்றைக் கிளட்ச். கிளட்சை மிதித்தால் சக்கரமும் கத்தியும் சேர்ந்தே நிற்கும். அடர்ந்த கோரையில் கட்டர் பார் அடைத்துக்கொள்ளப் போகிறது என்று தெரிந்து நிறுத்தினால், அடைப்பை விழுங்கிக்கொண்டே கத்தியும் நின்றுவிடும். அதற்குப் பழக்கம் வேண்டும்: மிதித்த உடனே கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்சை விட்டு, கத்தி வாயில் இருப்பதை அறுத்து முடிக்கும் வரை பொறுத்து, பிறகு ஒரு முழம் பின்னால் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணனின் ஃபோர்டில் இரட்டைக் கிளட்ச். பாதி மிதித்தால் வண்டி நிற்கும், கத்தி ஓடிக்கொண்டே இருக்கும். படுகைப் புல்லுக்கு அந்த வண்டியைத்தான் கேட்டு வாங்குகிறேன். எந்த வண்டியானாலும் அடைப்பை எடுக்கக் கையைக் கொண்டுபோகுமுன் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். பி.டி.ஓ. நெம்புகோலைத் தள்ளியதாக நினைத்துக்கொண்டு கையை நீட்டுவது போதாது.

ஹைட்ராலிக் பற்றியும் சொல்ல வேண்டும். டி.இ.20-ல் இழுவையைப் பொறுத்து ஏறி இறங்கும் கட்டுப்பாடு மட்டுமே உண்டு. சொன்ன உயரத்தில் நிற்கும் பொசிஷன் கன்ட்ரோல் 35-ல்தான் வந்தது. அதனால் அந்தக் காலத்து மோவரின் உயரத்தை ஒரு சங்கிலி தாங்கிக்கொள்ளும். எங்கள் வண்டிகளில் பொசிஷன் கன்ட்ரோல் இருந்தும் அந்தச் சங்கிலியை நான் கழற்றவில்லை. வயதான ஹைட்ராலிக் ஓட ஓடக் கசிந்து இறங்கும். களி மண்ணில் விரல் நுனி ஒருமுறை குத்தினால் நாலைந்து விரல்கள் சேர்ந்து வளைந்துவிடும்.

சக்கர அகலம் டெல்டாக்காரர்களுக்கென்றே வரும் சிக்கல். நாம் சேற்றில் மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீலுக்காகவும் சேற்றுழவுக்காகவும் பின்சக்கரங்களை அகலமாக வைத்திருப்போம். மோவர் செய்தவன் குறுகிய சக்கர அகலத்தை மனதில் வைத்து, கட்டர் பாரின் உள்முனையைத் தாங்கும் உள்பாதத்தை அமைத்திருப்பான். விளைவு, வலப்பக்க டயர் கட்டர் பாரின் உள் முனையை உரசும். ஃபெர்குசன் வழி வந்த வண்டிகளில் சக்கரத் தகட்டையும் வளையத்தையும் திருப்பி மாட்டி 4 அங்குலம் 4 அங்குலமாக அகலத்தைக் குறைக்கலாம். மோவரை நீட்டுவதற்கு வெல்டிங் அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நடுப்பகுதிக்கு வருகிறேன். பி.டி.ஓ. தண்டு வந்து சேரும் இடத்திலிருந்து ஃப்ளைவீல் என்ற கனச் சக்கரம், பிட்மனைச் சுழற்றும் அதன் கிராங்க் பின், பிட்மன் தண்டு, கத்தித் தலை வரை. பேரிங்குகளுக்கு நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. வளையத்தில் பொறித்திருக்கும் எண் எந்தக் கம்பெனிக்கும் பொதுவானது. 6206 என்றால் உள்ளே 30, வெளியே 62, தடிமன் 16 மி.மீ., அது மோட்டார் பம்பில் இருந்தாலும் மோவரில் இருந்தாலும். அங்குல அளவில் வரும் பழைய பேரிங்குகளுக்கு மட்டும் புஷ் கடைந்து மில்லிமீட்டர் பேரிங்கைப் புகுத்த வேண்டிவரும். மரைகளில் கவனம் தேவை. பிரிட்டிஷ் விட்வொர்த் அரை அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க முரட்டு மரையில் 13. முதல் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகும். அதற்குமேல் ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் வார்ப்பு கீறிவிடும். கையால் கடைசி வரை ஏறாத போல்ட் அந்தத் துளைக்கு உரியது அல்ல.

பிட்மன் தண்டு மரத்தால் இருப்பது சிக்கனத்துக்காக அல்ல. கத்தி எங்காவது சிக்கினால் அந்த அதிர்ச்சியை மரம் வாங்கிக்கொள்ளும், தேவைப்பட்டால் முறிந்து மற்றதைக் காப்பாற்றும். அதனால் இரும்புப் பட்டையால் பிட்மன் செய்துகொள்ளச் சொல்கிற யோசனையை நான் ஏற்கவில்லை. மேல்நாட்டில் இதற்கு ஆஷ் மரம். நமக்குக் கருவேலம் இருக்கிறது. ஏரும் வண்டியும் செய்து தலைமுறை தலைமுறையாகச் சோதித்த மரம். எங்கள் ஊர் ஆசாரி, பட்டறையில் கிடந்த கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, வைரம் பாய்ந்த ஒன்றை எடுத்து, அறுப்பதற்கு முன் கோடாலியால் ஒரு ஓரத்தைப் பிளந்து பார்த்தார். பிளவு நேராக ஓடியது. "ரேகை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் போகிறது பாருங்கள். நடுவில் வெளியே ஓடினால் அங்கேதான் முறியும்" என்றார். இரு முனையிலும் பழைய பிட்மனின் இரும்புக் காதுகளையே பொருத்தினோம். நீளத்தை மட்டும் இறுதி செய்யவில்லை, அதற்குக் காரணம் கீழே வருகிறது.

இனி வெட்டும் பக்கம். கட்டர் பாரில் பத்து விரல் இடைவெளிகளைச் சேர்த்து நாடா பிடியுங்கள். ஒரு இடைவெளியை மட்டும் அளந்தால் தேய்மானம் ஏமாற்றும். பத்துக்கு 76 செ.மீ. வந்தால், உங்கள் மோவர் 3 அங்குல இடைவெளி கொண்டது. 76.2 மி.மீ. என்பது குதிரை இழுத்த மோவர் காலத்திலிருந்து நிலைத்த அளவு. டிராக்டர் மோவர்களிலும் நெல் அறுக்கும் டயர் வண்டிகளிலும் மிகப் பரவலாக இருப்பது இதுதான். மன்னார்குடியில் ஒரு கடையில் "மோவர் பிளேடு" என்று கேட்டதற்கு அப்படி ஒரு பொருளே கிடையாது என்றார்கள். பழைய பிளேடு ஒன்றை மேசையில் வைத்து, "அறுவடை மிஷின் பிளேடு" என்றேன். பெட்டியோடு எடுத்து வைத்தார்கள். தை மாசி அறுவடைக்கு வரும் இயந்திரங்களுக்காக டெல்டா முழுக்க இந்தப் பிளேடும் ரிவெட்டும் விரலும் குவிந்து கிடக்கின்றன. பெல்ட் வண்டிகளில் வேறு அளவுகளும் வருவதால் பழைய பிளேடை மேலே வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்: அகலம், துளை விட்டம், இரு துளைகளுக்கு இடையிலான தூரம், தடிமன். நான்கில் ஒன்று மாறினாலும் வேண்டாம்.

பிளேடில் இரண்டு ஜாதி உண்டு, விளிம்பு வழுவழுப்பானது ஒன்று, பல் வெட்டியது மற்றொன்று. அறுவடை இயந்திரத்தில் இருப்பது பல் பிளேடு. நெல் தாளில் சிலிக்கா அதிகம், வழுவழுப்பான முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். பல் பிளேடு தாங்கும். பச்சைப் புல்லுக்கு நேர்மாறு: பல்லிடுக்கில் சாறும் நாரும் ஒட்டிக்கொண்டு இழுக்கும், வழுவழுப்பான பிளேடு சுத்தமாக அறுக்கும், தீட்டவும் தீட்டலாம். அதனால் இரண்டு கத்தி வைத்துக்கொள்வதே நல்லது. தாளுக்குப் பல் பிளேடு அறைந்த பட்டை ஒன்று, படுகைப் புல்லுக்கு வழுவழுப்பான பிளேடு அறைந்தது ஒன்று. உள்முனையில் பிட்மனைக் கழற்றி உருவினால் கத்தி முழுசாக வெளியே வந்துவிடும்; மாற்றுவது சிறிய வேலை.

பிளேடு கழற்றுவதற்கு ரிவெட்டைத் துளையிட்டு எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நேரமும் போகும், பட்டையின் துளையும் பெரிதாகும். எங்கள் பட்டறைக்காரர் செய்யும் முறை வேறு. வைஸின் வாயைக் கொஞ்சம் திறந்து வைத்து, பட்டையின் முதுகு மேலே வரும்படி, பிளேடின் கூர்முனை கீழே தொங்கும்படி நிறுத்துவார். பட்டை வைஸின் தாடையில் அமர்ந்திருக்க, பிளேடின் பின்விளிம்பு மட்டும் மேலே ஒரு நூலிழை துருத்திக்கொண்டிருக்கும். அந்த விளிம்பில் சுத்தியலால் ஒரே அடி. இரண்டு ரிவெட்டும் ஒன்றாக அறுபட்டு பிளேடு கீழே விழும். மிச்சத் துண்டுகளைப் பஞ்ச் ஆணியால் தட்டினால் போதும், துளை கெடுவதில்லை. புது ரிவெட் மென்மையான இரும்பாக இருக்க வேண்டும். அறைந்த பிறகு தலை துருத்தக் கூடாது, ஏனென்றால் கத்தியை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் அமுக்குப் பட்டை அதற்கு மிக அருகில் இருக்கிறது. போல்ட் போட்ட பிளேடு இப்போது பரவலாக வருகிறது, மாற்றச் சுலபம். ஆனால் பழைய மோவரின் அமுக்குப் பட்டையில் போல்ட் தலை இடிக்கும். பட்டையைத் தூக்கி வைக்க இடமிருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

வெட்டும் பக்கத்தில் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது கத்தித் தலை ஒன்றுதான், பிட்மன் வந்து பிடிக்கும் அந்தக் குமிழ். அறுவடை இயந்திரத்தின் தலை இதற்கு உதவாது. ஏலத்தில் எதை விட்டாலும் கத்தித் தலை இருக்கிறதா, குமிழ் முட்டையாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பட்டை உடைந்திருந்தால் கவலையில்லை. புதுப் பட்டை வாங்கி அளவுக்கு வெட்டி, பழைய தலையை அதில் அறைந்துகொள்ளலாம். எங்கள் இரண்டாவது கத்தி அப்படிப் பிறந்ததே. அதற்கான தலையை ஒரு பழைய உடைந்த மோவரிலிருந்து எடுத்தோம்.

விரல்களை மாட்டிய பிறகு கட்டர் பாரின் ஒரு முனையில் கண்ணை வைத்து மறு முனை வரை பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் பிளேடு உரசி ஓடும் அடித் தகடு இருக்கிறது. அத்தனை தகடுகளும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். ஏறியதையும் இறங்கியதையும் சுத்தியலால் தட்டிச் சரிசெய்வார்கள். வளைந்து கொடுக்கும் வார்ப்பானால்தான் இது நடக்கும். விலை மலிவு என்று வாங்கும் சாதாரண வார்ப்பு விரல், தட்டிய இடத்தில் விண்டு போகும். அமுக்குப் பட்டைக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு தபால் அட்டை நுழையும் இடம் போதும். எல்லாம் முடிந்து, பிட்மனை மாட்டாமல் கத்தியைக் கையால் இழுத்தால் சிக்காமல் வர வேண்டும்.

பிட்மன் நீளத்தை இப்போது முடிவுசெய்யலாம். ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, கத்தி கடைசி வரை இடப்பக்கம் போய் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பிளேடின் நடுக்கோடு விரலின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். வலப்பக்கக் கடைசியிலும் அப்படியே. ஒரு பக்கம் தாண்டி, மறுபக்கம் எட்டாமல் நின்றால் பிட்மன் நீளத்தில்தான் கோளாறு. கால் அங்குலம் பிசகினாலும் ஒரு வெட்டில் அறுக்கும், மறு வெட்டில் மெல்லும். பிளேடு புதிதாக இருந்தும் மோவர் சரியாக அறுக்கவில்லை என்று வரும் புகார்களில் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன். இரண்டாவதாகப் பார்ப்பது முன்தள்ளல். ஓடும்போது புல்லின் எதிர்ப்பால் கட்டர் பாரின் வெளிமுனை பின்னுக்குத் தள்ளப்படும். அதை ஈடுகட்ட, நிற்கும்போதே வெளிமுனை உள்முனையைவிடச் சற்று முன்னால் இருக்க வேண்டும். அடிக்குக் கால் அங்குலம் கணக்கு. 5 அடி பாருக்கு ஒன்றேகால் அங்குலம். நூல் பிடித்துப் பார்க்கலாம். கீல் பின்கள் தேய்ந்த மோவரில் இது முதலில் காணாமல் போகும். டிராக்டர் மாறும்போது லோயர் லிங்க் ஆட்டத்தாலும் மாறிவிடும். அதனால் வண்டி மாற்றிய ஒவ்வொரு முறையும் நூல் எடுப்பது எங்கள் வழக்கம்.

வயலில் இறங்குவதற்கு முன் ஒரு நடை நடந்துவிடுங்கள். நில அளவைக் கல், பூவரசு வெட்டிய அடிக்கட்டை, மின்கம்பத்தின் இழுகம்பி, யாரோ நட்டு மறந்த மூங்கில் முளை எல்லாம் புல்லுக்குள் மறைந்திருக்கும். எதிலாவது மோதினால் கட்டர் பார் தானாக விடுபட்டுப் பின்னுக்கு மடங்கும் கொக்கி பழைய மோவர்களில் உண்டு. துருவேறி இறுகிய அந்தக் கொக்கியை வெல்டிங் வைத்து நிரந்தரமாக்கிய மோவர்களையும் பார்த்திருக்கிறேன். வேறு எதைச் செய்தாலும் அதை மட்டும் செய்யாதீர்கள். கொக்கியைப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஸ்பிரிங்கை மாற்றினால் சரியாகிவிடும்.

தாள் அறுக்கச் சரியான நேரம் மாசியில் வயல் காய்ந்து கால் புதையாமல் நிற்கும் சமயம். ஈரத்தில் இறங்கினால் களி விரல்களுக்கு அடியில் அப்பிக்கொண்டு கத்தியைப் பிடித்துவிடும். உளுந்து தெளித்த வயலில் இந்த வேலையே கிடையாது. தாளுக்கு நடுவே முளைத்து நிற்பதை எந்தக் கத்தியும் பிரித்தறியாது. வேகம் மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போதும். சாய்ந்து கிடக்கும் புல்லை, அது சாய்ந்த திசைக்கு எதிராகப் போய் அறுத்தால் மோவர் நன்றாக எடுக்கும்.

ஐப்பசி அடைமழைக்கு முன் இரண்டு கத்திகளையும் உருவி, துடைத்து, பழைய இன்ஜின் ஆயில் தடவி, கொட்டகை உத்தரத்தில் படுக்கவைத்துவிடுகிறோம். கத்தியைக் கட்டர் பாருக்குள்ளேயே விட்டால் துரு இரண்டையும் ஒட்டிவிடும். மறு வருடம் உருவும்போது அடித் தகடுகளும் கூடவே வரும். பிள்ளைகள் நடமாடும் இடமானால் பி.வி.சி. குழாயை நீளவாக்கில் கீறி பிளேடு வரிசைக்கு உறையாக மாட்டிவிடலாம். ஒரு அங்குலக் குழாய் பிளேடு முனையில் நிற்காது, இரண்டு அங்குலக் குழாய் எடுத்து இரு முனையிலும் கயிற்றால் கட்டுங்கள்.